மலைநாட்டு வரலாற்றில் செய்தியும் வேடிக்கையும்



மாலை விளக்கேற்றிய பின்னர் வீட்டிலுள்ளோர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடிச் செய்தி பார்ப்பது நம் நாட்டில் ஒரு குடும்ப வழக்கமாகிவிட்டது. அச்செய்தி அறிக்கையில் முதலிடம் பெறுவது எது, கடையிடம் பெறுவது எது என்பதைச் சற்றே கவனித்துப் பாருங்கள். நடிகை ஒருத்தியின் திருமணமும், கள்வனைத் துரத்திப் பிடித்த காட்சியும், அரசியல்வாதிகள் இருவரின் வாய்ச்சண்டையும் பெரும்பாலும் முன்னே வருகின்றன. உலகின் ஒரு மூலையில் மூண்ட போரும், மற்றொரு மூலையில் விளைந்த பஞ்சமும், நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையும் விளையாட்டுச் செய்திக்குச் சற்று முன்னர் ஓரிரு நிமிடங்களில் ஓடி மறைகின்றன.

"இதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று? பகலெல்லாம் உழைத்தவர் சிறிது நேரம் வேடிக்கை பார்க்கலாகாதா?" என்று கேட்பாரும் உளர். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. வேடிக்கை பாவமன்று. ஆயினும், செய்திக்குரிய ஆசனத்தில் வேடிக்கை ஏறி அமர்ந்துகொள்ளும்போது நேரும் நட்டம் யாரைச் சேர்கிறது? கண்டி மாநகரையும் அதனைச் சூழ்ந்த தேயிலை மலைகளையும் சான்றாக வைத்து இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

நாட்டில் நிகழ்வன யாவற்றையும் நாள்தோறும் விரைந்து அறிந்துகொள்வது வேந்தனின் தொழில் என்று வள்ளுவர் வகுத்தார். அதற்கென்றே 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரத்தை அமைத்தார். இன்று நாம் வாழ்வது குடியாட்சியில். வாக்களிக்கும் மக்களே வேந்தர். ஆகவே, அன்று வேந்தனுக்கு விதித்த கடமை இன்று நம் ஒவ்வொருவர் தலையிலும் இருக்கிறது. நமக்கு ஒற்றராய் அமைந்தவை பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி என்னும் மூன்றும். ஒற்றன் அரண்மனைக்கு வந்து, பகைவன் படை திரட்டும் செய்தியை விழுங்கிவிட்டு, வழியிற் கண்ட கழைக்கூத்தைப் பற்றி மட்டும் கூறினால் வேந்தன் நிலை என்னாகும்?

தொலைதேசச் செய்தி நமக்கு எதற்கு என்று நினைப்பவர்கள் மலைநாட்டின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நம் மலைகளில் நேர்ந்த பெரிய மாற்றங்கள் பல கடல் கடந்து வந்தவை. 1847 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏற்பட்ட பணநெருக்கடி இங்கே கோப்பியின் விலையைச் சரித்தது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களைச் சிறுகச் சிறுக அழித்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். நோய் தின்ற மலைகளில் அத்தேயிலை பரவிற்று. விளைந்ததை உலகச் சந்தைக்கு அனுப்பி, உண்ணும் அரிசியை வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒரு சமூகத்துக்கு உலகச் செய்தி என்பது அடுப்படிச் செய்தியே.

1929 இல் நியூயோர்க் நகரின் பங்குச் சந்தை வீழ்ந்தது. அந்நகரம் எத்திசையில் உள்ளதென்றே அறியாத கொழுந்து பறிக்கும் பெண்களின் கூலி, அடுத்து வந்த ஆண்டுகளில் குறைக்கப்பட்டது. தொழிலாளர் பலர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1933 இல் இந்தியாவும் இலங்கையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் தேயிலை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பாடு செய்துகொண்டன. அதன் பயனாக எத்தனை இறாத்தல் தேயிலை வெளியே போகலாம் என்பது உடன்படிக்கையால் முடிவாயிற்று. இவற்றை லயத்து அறையில் இருந்தவனுக்கு எடுத்துரைத்தவர் எத்தனை பேர்?

அக்காலத்தில் தோட்டத்துக்குள் செய்தி நுழைவது எளிதன்று. எழுத்தறிந்தோர் மிகச் சிலர். வெளியார் தோட்ட எல்லைக்குள் வருவதைத் துரைமார் விரும்புவதில்லை. பெரிய கங்காணி சொன்னதே செய்தி. துரை சொன்னதே சட்டம். இந்த அரணை உடைக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் கோ. நடேசையர். அவர் 1924 இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கித் தொழிலாளரின் குறைகளை வெளியிட்டார். அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுகளை இயற்றி, தொழிலாளர் கூடும் இடங்களில் பாடினார். பாட்டைக் கேட்க வந்தவர்கள் கூலிக் கணக்கையும் சட்டத்தையும் அறிந்துகொண்டு திரும்பினர். இங்கு ஓர் உண்மையை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்: பாட்டும் கூத்தும் செய்திக்குப் பகையல்ல. செய்தியை முதுகில் சுமந்து செல்லும் குதிரையாக அவை பயன்படலாம். குதிரை மட்டும் வந்து சேர்ந்து, சுமை வழியில் விழுந்துவிடும்போதே தொல்லை பிறக்கிறது.

இனி, 1937 ஆம் ஆண்டுக்கு வருவோம். மார்க் அன்டனி பிரேஸ்கேடில் என்னும் இளைஞர் இலண்டனிற் பிறந்து, அவுஸ்திரேலியாவில் வளர்ந்து, 1936 இல் தேயிலைத் தொழில் பழக இலங்கைக்கு வந்தார். கண்டிக்கு வடகிழக்கே மடுல்கலையில் உள்ள றெலுகாஸ் தோட்டத்தில் பயிற்சி பெற்றார். தொழிலாளருடன் நெருங்கிப் பழகினார் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3 ஆம் தேதி நாவலப்பிட்டியில் ஏறத்தாழ 2,000 தோட்டத் தொழிலாளர் கூடிய கூட்டம் ஒன்றில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயா முன்னிலையில் அவர் பேசினார். வெள்ளைக்காரர் ஒருவரே தொழிலாளர் மேடையில் ஏறித் துரைமாரைக் கண்டித்தார் என்றால் பரபரப்புக்குக் கேட்கவேண்டுமா?

ஏப்ரல் 24 ஆம் தேதிக்குள் அவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமெனத் தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் ஆணையிட்டார். பிரேஸ்கேடில் கப்பலேறாமல் தலைமறைவானார். பொலிசார் நாடெங்கும் தேடினர். மே மாதம் 5 ஆம் தேதி அரசாங்க சபையில் தேசாதிபதிக்கு எதிரான கண்டனத் தீர்மானம் 34 வாக்குகளுக்கு 7 என்ற கணக்கில் நிறைவேறியது. அன்றே காலிமுகத் திடலில் திரண்ட மக்கள் வெள்ளத்தின் முன் அவர் திடீரெனத் தோன்றினார்! பின்னர் கைதானார். மே 18 ஆம் தேதி, பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் உள்ளிட்ட மூவர் அமர்ந்த உயர் நீதிமன்றம், நாடு கடத்தும் ஆணை செல்லாதெனத் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. பேச்சுரிமையின் வரலாற்றில் அது ஒரு சிறந்த தீர்ப்பு என்பதில் ஐயமில்லை.

ஆயின் அந்த வாரங்களில் நாட்டின் பேச்சாய் இருந்தது எது? அந்த வெள்ளை இளைஞர் எங்கே ஒளிந்திருக்கிறார், எப்படித் தப்பினார் என்பதே. நாவலப்பிட்டிக் கூட்டத்துக்கு மலையிறங்கி வந்த 2,000 பேர் எதற்காக வந்தார்கள்? அவர்கள் கூலி என்ன? குடியிருந்த லயம் எத்தகையது? அவை பின்னணிக்குப் போயின. தொழிலாளரின் வழக்கில் சாட்சியாக வந்தவரே கதாநாயகராகி, வழக்கு மறக்கப்பட்ட நிலை அது. அதே ஏப்ரல் 26 ஆம் தேதி ஸ்பானிய நாட்டில் குவர்னிக்கா என்னும் ஊரை ஜேர்மானிய விமானங்கள் குண்டுவீசி அழித்தன. வானிலிருந்து ஊரையே கொளுத்தும் புதிய போர்முறை உலகுக்கு அறிமுகமான நாள் அது. ஐந்து ஆண்டுகள் கழிந்ததும், 1942 ஏப்ரலில், யப்பானிய விமானங்கள் கொழும்பின் மீதும் திருகோணமலையின் மீதும் குண்டு வீசின. ஏழாண்டுகளில், 1944 இல், தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் மவுண்ட்பேட்டன் பிரபுவின் கீழ் நம் பேராதனைப் பூங்காவிலேயே வந்து அமர்ந்தது. ஸ்பானியாவின் செய்தி தொலைதேசச் செய்தியாய் இருந்த காலம் எவ்வளவு குறுகியது, பாருங்கள்.

பிரேஸ்கேடில் வழக்குக்கு மூன்றாண்டுகள் செல்லாமுன், 1940 சனவரி 10 ஆம் தேதி, கண்டி மாவட்டத்து ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டனர். கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அதையொட்டிய பூசல் தேசாதிபதிக்கும் அமைச்சருக்கும் இடையே முற்றி, அமைச்சர்கள் பதவி துறக்கும் அளவுக்குப் போயிற்று. உடனே மேலிடத்துப் பூசலே செய்தியாயிற்று. தோட்டத்தில் விழுந்த பிணம் அதன் அடிக்குறிப்பாயிற்று. ஒளிந்திருந்த ஒருவரின் பெயரை அறிந்தோர் பலர். உயிர்நீத்தவரின் பெயரை அறிந்தோர் சிலர். பரபரப்பு எப்போதும் பொய் சொல்வதில்லை. அது முகத்தை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுச் செல்கிறது.

பத்திரிகையின் பின் வானொலி வந்தது. கொழும்பில் 1925 டிசெம்பரில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிற்றாயினும், அது ஓங்கி வளர்ந்தது போருக்குப் பின்னரே. படைவீரருக்கென இங்கு நடத்தப்பட்ட 'றேடியோ சீயாக்' நிலையம் 1949 இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. போருக்கு வந்த ஆற்றல்மிகு அஞ்சற் கருவி அமைதிக்காலத்தில் பாட்டுக்குப் பயன்பட்டது. 1950 இல் வர்த்தக சேவை பிறந்தது. 1952 முதல் இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கத் தலைப்படவே, இந்தியத் துணைக்கண்டமெங்கும் உள்ள நேயர் இலங்கை வானொலியைத் தேடி வந்தனர். மயில்வாகனனாரின் குரல் தமிழகத்துச் சிற்றூர்களிலும் ஒலித்தது. அப்புகழில் நமக்கும் பங்குண்டு. அதனைக் குறைத்துச் சொல்வது நன்றியன்று.

எனினும், அதே ஆண்டுகளில் மலைநாட்டில் நடந்தது என்ன? 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களைப் பெற்றிருந்தது, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் வென்றிருந்தார். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 இல் வந்த சட்டங்களும் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பான்மையோரைக் குடியுரிமையும் வாக்குரிமையும் அற்றவராக்கின. 1952 தேர்தலில் அக்கட்சியின் சார்பில் ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. அவ்வாண்டில் கொழும்பில் ஏறத்தாழ 140 நாள் சத்தியாக்கிரகம் நடந்தது. ஒலிவாங்கி பாட்டால் நிறைந்திருந்த அக்காலத்தில், வாக்கிழந்த ஒரு கூட்டத்தின் குரல் எவ்வளவு தூரம் கேட்டது?

1964 அக்டோபர் 30 ஆம் தேதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் டில்லியில் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரைப் பற்றிய கணக்கு அது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர். இரு நாட்டுப் பிரதமர்களும் பேசி முடித்தனர். கணக்கிடப்பட்டவர்கள் பேச்சில் இடம்பெறவில்லை. அதன்பின் கண்டி நகரில் இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்துக்குப் பத்திரங்களோடு ஏறியிறங்கிய குடும்பங்களைப் பழைய தலைமுறையினர் மறந்திரார். நாடற்றோர் என்னும் அவ்வழக்குக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே முடிவு தேடிற்று. அரைநூற்றாண்டுக்கும் மேலான துயரம்! ஒரு சட்டம் ஒரு நாளில் நிறைவேறுகிறது. அதனை உரிய காலத்தில் விளங்கிக்கொள்ளாத சமூகம் பல தலைமுறைக்கு அதன் வட்டியைக் கட்டுகிறது.

1973 இல் உலகெங்கும் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறின. இலங்கையில் உணவுப் பங்கீடு குறைந்தது. 1974 இல் தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் திடீரென உயர்ந்தது. அப்பொழுது இந்நாட்டில் தொலைக்காட்சி இல்லை. ஆனால் 1973 இலேயே இங்கிலாந்தின் கிரனடா தொலைக்காட்சி தன் 'வேர்ல்ட் இன் அக்ஷன்' நிகழ்ச்சியில், பிரித்தானியக் கம்பனிகளின் இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளர் படும் துன்பத்தைக் காட்டிற்று. தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஆங்கிலேயர், அக்கோப்பைக்குப் பின்னே நின்ற மெலிந்த குழந்தையைக் கண்டனர். கம்பனிகள் விடை சொல்லவேண்டிய நிலை உருவாயிற்று. ஆகவே, தொலைக்காட்சி என்னும் கருவியே இழிந்தது என்பார் கூற்றை நான் ஏற்கேன். மலையின் பசியை இலண்டன் மாநகரின் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு சேர்த்ததும் அக்கருவியே.

நம் நாட்டில் 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15 ஆம் தேதி ரூபவாஹினியும் தொடங்கின. பின்னர் தனியார் அலைவரிசைகள் பெருகின. உயர்ந்த கம்பத்தில் அன்டெனாவைக் கட்டித் திசை திருப்பிய காலம் போய், இன்று உள்ளங்கையிலேயே உலகம் தெரிகிறது. காட்சி பெருகிற்று, விளக்கம் பெருகிற்றா?

அண்மைக்காலச் சான்றுகள் இரண்டைக் கூறுவேன். 2020 இன் இறுதியில் கொரோனா நோய்க்குக் கேகாலையைச் சேர்ந்த ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து செய்த பாணி தொலைக்காட்சியில் பெருஞ்செய்தியாயிற்று. சுகாதார அமைச்சரே அதனை அருந்தும் காட்சி வந்தது. நோய்க்காலத்தில் கூடலாகாது என்னும் விதியையும் மறந்து, பல்லாயிரவர் டிசெம்பரில் அவ்வூரில் வரிசையில் நின்றனர். அடுத்த மாதம் அந்த அமைச்சரும் நோய்வாய்ப்பட்டார். அப்பாணி பேச்சாயிருந்த அதே பருவத்தில், 2020 செப்டெம்பரிலும் நவெம்பரிலும், அனைத்துலகத் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் இலங்கையின் கடன் தகைமையை மிகத் தாழ்ந்த படிக்கு இறக்கியிருந்தன. கடன் கொடுத்தவர்கள் நம் வீட்டை ஐயத்தோடு நோக்குகிறார்கள் என்பதே அதன் பொருள். அச்செய்தி வணிகப் பக்கத்தோடு நின்றுவிட்டது. பாணியோ வீடு வீடாகச் சென்றது.

மற்றொன்று: 2021 ஏப்ரலில் கொழும்பில் நடந்த திருமணமான பெண்களுக்கான அழகுப் போட்டியில், வெற்றி பெற்றவரின் தலையிலிருந்து மேடையிலேயே கிரீடம் பறிக்கப்பட்டது. அக்காட்சி நம் நாட்டில் மட்டுமன்றி உலகெங்கும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. அதே மாத இறுதியில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்யும் முடிவு அறிவிக்கப்பட்டது. அதைப்பற்றியும் செய்தி வராமல் இல்லை. ஆனால், உரமின்றித் தேயிலை என்னாகும், வேறு நாடுகளின் அனுபவம் யாது, மாறுவதற்கு எத்தனை ஆண்டு வேண்டும் என்ற கேள்விகளுக்குக் கிரீடத்துக்குக் கிடைத்த நேரத்தில் ஒரு பங்காவது கிடைத்திருந்தால் எவ்வளவு நன்மையாயிருக்கும்! 2021 இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைச்சல் 2022 இல் சுமார் 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. 2022 ஏப்ரல் 12 ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. கண்டி வீதிகளில் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நின்ற வரிசையில், கிரீடத்தைப் பற்றிப் பேசுவார் ஒருவரும் இல்லை.

இந்நிலைக்குக் காரணம் என்ன? ஒளிபரப்பு விளம்பரத்தால் வாழ்கிறது. விளம்பரம் பார்ப்போர் தொகையை நாடுகிறது. போர்முனைக்கு நிருபரை அனுப்பப் பெரும்பணம் வேண்டும். நடிகையின் மணப்பந்தலுக்கு ஒரு கமராவே போதும். உடன்படிக்கைக்கு உருவமில்லை, கைகலப்புக்கு உருவமுண்டு. இவை யாவும் உண்மையே. ஆயினும் பழி முழுவதையும் நிலையத்தார்மீது சுமத்திவிட்டு நாம் தப்ப இயலாது. உலகச் செய்தி தொடங்கியதும் எழுந்து சமையலறைக்குச் செல்பவர் யார்? அலைவரிசையை மாற்றுபவர் யார்? கடைக்காரன் நாம் கேட்கும் பண்டத்தையே தட்டில் வைக்கிறான்.

செங்கடலில் 2023 இறுதியில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகலாயின. சரக்குக் கட்டணம் உயர்ந்தது. ஈராக்கும் ரஷ்யாவும் துருக்கியும் நம் தேயிலையைப் பெருமளவில் வாங்குவோர். ஈரானுக்கு நாம் கொடுக்கவேண்டிய 25 கோடி டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாலேயே தீர்ப்பதென 2021 இல் உடன்பாடாயிற்று. மலையகத்துப் பெண்கள் பலர் வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்து குடும்பத்தைக் காக்கின்றனர். மேற்காசியாவில் ஒரு குண்டு விழுந்தால் புசல்லாவையில் ஒரு தாயின் நெஞ்சு நடுங்குகிறது. அவளுக்கு அச்செய்தி கடைசி இரண்டு நிமிடத்துக்குரிய செய்தியா?

நாம் செய்யக்கூடியது என்ன? நம் பாடசாலைகளில் காலைக் கூட்டத்தில் மாணவர் செய்தி வாசிக்கும் நல்வழக்கம் உண்டு. அச்செய்திகளுள் ஒன்றேனும் உலகச் செய்தியாக இருக்கட்டும். வாசித்த மாணவனிடம் ஆசிரியர் இரண்டு வினாக்களைக் கேட்கட்டும்: இது ஏன் நிகழ்ந்தது? இதனால் நம் ஊரில் யாருக்கு என்ன நேரும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடப் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் வெறும் பரபரப்பில் நெடுநேரம் மயங்கமாட்டான். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பு நோக்க வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய முறை. வீட்டிலும் அவ்வாறே, தொலைக்காட்சியிற் கண்டதைப் பத்திரிகையோடும் வானொலியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிலையங்களுக்குக் கடிதம் எழுதுங்கள். பாட்டு விரும்பிக் கேட்கும் நேயர், விளக்கத்தையும் விரும்பிக் கேட்கலாமன்றோ?

நாவலப்பிட்டிக்கு மலையிறங்கி வந்த அந்த 2,000 பேர் கேட்க விரும்பிய செய்தி, தம் வாழ்வை ஆளும் செய்தி. அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே வேண்டும். வேடிக்கைக்கு நாளில் இடமிருக்கட்டும். செய்தி தன் ஆசனத்தில் அமரட்டும்.